இச்சி, நி, சான்: வெற்றுத்தளத்தில் ஒரு வரலாறு

சிங்கப்பூரில் மூத்தோர் உடற்பயிற்சி வகுப்புகளின் கதையை வழக்கமாக 1990களிலிருந்து தொடங்குவார்கள். நான் இன்னும் பின்னால் போக விரும்புகிறேன், ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வரைக்கும்.

1920களில் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் காலை வானொலியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தது. கணக்கு எளிது. வாடிக்கையாளர் கூடுதல் காலம் உயிரோடு இருந்தால் நிறுவனத்துக்கு லாபம். ஜப்பானிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டுத் துறை இதைப் பின்பற்றி 1928இல் 'ராஜியோ தைசோ' என்ற வானொலிப் பயிற்சியைத் தொடங்கியது. பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு முடிசூட்டு விழா நடந்த ஆண்டு அது. போகப் போகக் காப்பீடு பின்னுக்குப் போனது, பேரரசு முன்னுக்கு வந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊரின் பெயர் ஷோனான் ஆனது. கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலக ஊழியர்களும் காலையில் வரிசையாக நின்று தைசோ செய்தார்கள். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கால் வயிற்றை நிரப்பிய காலத்தில், வெறும் வயிற்றோடும் கை கால்கள் ஒரே தாளத்தில் அசைய வேண்டியிருந்தது.

புத்தகத்தில் படித்த இந்தச் செய்தி எனக்கு உறைத்தது எங்கள் புளோக்கின் வெற்றுத்தளத்தில்தான். 2010களின் நடுவில் அங்கே சனிக்கிழமை மூத்தோர் வகுப்பில் தொண்டூழியம் செய்துகொண்டிருந்தேன். பயிற்றுநர் மாண்டரினில் சொல்வார். நம் பாட்டிகள் மூன்று பேர் எப்போதும் கடைசி வரிசை. முன்னால் இருப்பவரின் கையைப் பார்த்துத்தான் தங்கள் கையைத் தூக்குவார்கள். அதனால் நான் பின்னால் நின்று தமிழில் எண்ண ஆரம்பித்தேன்.

எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் சிரித்துவிட்டார். "ஒன்னு ரெண்டெல்லாம் வேணாம்யா. கையத் தூக்குனாலே எனக்கு இச்சி, நி, சான், ஷிதான் வருது. சின்னப் புள்ளையில அப்படிப் பழக்கிட்டானுங்க." பக்கத்தில் நின்ற ஹொக்கியன் பாட்டியும் உடனே கூடச் சேர்ந்து எண்ணினார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது பசார் மலாயில். சேர்ந்து எண்ணியது மட்டும் ஜப்பானிய மொழியில்.

போருக்குப் பிந்தைய வரலாறு வேறு மாதிரி. 1984இல் ஹோ யூன் சோங் தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது. அந்தக் குழுவின் பெயரிலேயே முதியோரின் 'பிரச்சினைகள்' என்று இருந்தது. மத்திய சேம நிதியை எடுக்கும் வயதை 55இலிருந்து 60ஆக உயர்த்தலாம் என்ற பரிந்துரைக்கு மக்கள் கொதித்தெழுந்தார்கள். முதுமை என்பது நாட்டின் செலவுக் கணக்கில் ஏறிய காலம் அது. 1992இல் தேசிய நல்வாழ்க்கை இயக்கம் வந்தது. 1993இல் பிரதமர் கோ சோக் தோங் 'கிரேட் சிங்கப்பூர் ஒர்க்அவுட்'டைத் தொடக்கிவைத்தார். மறுபடியும் கூட்டம், மறுபடியும் ஒரே தாளம். இந்த முறை யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இதற்கு நடுவே, 1990இல், அமெரிக்காவின் பாஸ்டனில் ஓர் ஆய்வு வெளியானது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் தசை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. வயதானவர்கள் மெதுவாகக் கையை ஆட்டினால் போதும் என்ற நினைப்பை அது உடைத்தது. இப்போது உலகச் சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்கிறது. முக்கியக் காரணம் விழுவது. இடுப்பெலும்பு முறிந்த பாட்டி பல நேரம் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்யச் சொல்வது சின்ன விஷயமாகத் தெரியலாம். கழிவறைக்குத் துணையில்லாமல் போய்வர அந்தக் கால் வலுதான் வேண்டும்.

இங்கேதான் கடைசி வரிசை எனக்கு உறுத்துகிறது. கையசைவைப் பார்த்துப் பழகிவிடலாம். "மூச்ச அடக்காதீங்க", "தலை சுத்துனா உக்காந்துடுங்க", "முட்டி வலிச்சா பாதியில நிறுத்துங்க" என்பதையெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு அந்த மூன்று வாக்கியங்கள்தான் வகுப்பிலேயே முக்கியமான பகுதி. அவை புரியாத மொழியில் சொல்லப்பட்டால், அவர் வகுப்பில் நிற்கிறார், பாதுகாப்பு மட்டும் அவரிடம் வந்து சேரவில்லை.

2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார். துடிப்பான மூப்படைதல் நிலையங்கள் பெருகிவருகின்றன. காப்பீட்டு நிறுவனம், பேரரசு, மருத்துவமனைச் செலவு என்று ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவரின் கணக்குக்காகவே இந்த வரிசைகள் அமைந்தன. கணக்கு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. பாட்டிகள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் கதை பேச வருகிறார்கள், பயிற்சி முடிந்ததும் கோப்பிக் கடைக்குப் போகிறார்கள். இலக்கியக் கூட்டத்தில் தமிழ் வாழவேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுகிற நம்மில் யாராவது, சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் அந்தக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று "மூச்ச விடுங்க பாட்டி" என்று சொன்னால் போதும். அதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை, சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.