'வேலையை விடமாட்டேன்!'

ஆப்பிள் கம்ப்யூட்டரை உருவாக்கியவரே ஆப்பிள் கம்பெனியில் சேரமாட்டேன் என்று அடம்பிடித்த கதை தெரியுமா உங்களுக்கு?

ஸ்டீவ் வாஸ்னியாக். 1973-லிருந்து ஹியூலெட்-பேக்கார்டில் கால்குலேட்டர் டிசைன் பண்ணும் இன்ஜினீயர். சிலிக்கான் பள்ளத்தாக்கில் அது ஒரு சொர்க்கம். காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் காபியும் டோநட்டும் இருக்கிற இடத்துக்கே வரும். காபியை விடுங்கள். 1970-ல் ஆர்டர்கள் படுத்துவிட்டபோது, ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பாமல், மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் 10 சதவிகிதம் சம்பளத்தைக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து சமாளித்த கம்பெனி அது. அப்படிப்பட்ட இடத்தை விட்டுவர யாருக்குத்தான் மனசு வரும்?

ராத்திரி நேரத்தில் தனக்காக ஒரு குட்டி கம்ப்யூட்டரை உருவாக்கினார் வாஸ்னியாக். அதை விசுவாசமாகத் தன் கம்பெனியிடமே கொண்டுபோய்க் காட்டினார். 'வேண்டாம்' என்றார்கள். ஒருமுறை அல்ல, ஐந்து முறை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். உடனே எச்.பி.க்காரர்களைத் திட்டாதீர்கள். யார் யார் வீட்டு டி.வி.யிலோ மாட்டுகிற சமாசாரம். படம் வரவில்லை என்றால் யார் பதில் சொல்வது? பெரிய கம்பெனிக்குப் பெரிய கவலை!

1976 ஏப்ரல் 1-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ், ரொனால்ட் வேய்ன் இருவரோடும் கூட்டுச் சேர்ந்து ஆப்பிளை ஆரம்பித்தார். மூவரில் கையில் கொஞ்சம் சொத்து வைத்திருந்தவர் வேய்ன்தான். கடன்காரர்கள் வந்தால் தன் கழுத்தில்தான் துண்டு விழும் என்று பயந்து, பன்னிரண்டே நாளில் 10 சதவிகிதப் பங்கைக் கைகழுவினார். கிடைத்தது 800 டாலர். வாஸ்னியாக்கோ பகலில் எச்.பி., ராத்திரியில் ஆப்பிள் என்று இரட்டைக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது வந்து சேர்ந்தார் மைக் மார்க்குலா. இன்டெல் பங்குகளில் சம்பாதித்து, முப்பது சொச்சம் வயதிலேயே ரிடையரானவர். இரண்டரை லட்சம் டாலர் தரத் தயார். ஒரே ஒரு நிபந்தனை, வாஸ்னியாக் எச்.பி.யை விட்டுவர வேண்டும்.

யோசித்துப் பார்த்துவிட்டு, 'முடியாது' என்றார் வாஸ்னியாக்!

சம்பளம் போய்விடுமே என்ற கவலையா? அதெல்லாம் இல்லை. சொந்தக் கம்பெனி என்றால் முதலாளியாகணும், நாலு பேரை அதட்டணும். கடைசிவரை இன்ஜினீயராகவே இருந்துவிட நினைத்த மனுஷனுக்கு அதுதான் உதறல்.

ஜாப்ஸ் சும்மா விடுவாரா? உறவுக்காரர்கள், நண்பர்கள் எல்லோரையும் முடுக்கிவிட்டார். போன் மேல் போன். எதற்கும் மசியாதவரைக் கடைசியில் மசிய வைத்தது ஆலன் பாம் என்ற நண்பர் பேசிய பேச்சு. இன்ஜினீயராகவே இருந்துகொண்டும் பணக்காரனாகலாம், மேனேஜராகித்தான் தீரணும் என்று கட்டாயமில்லை என்று அவர் எடுத்துச் சொல்ல, அதற்கப்புறம்தான் வாஸ்னியாக்குக்கு மூச்சு வந்தது. எச்.பி.யில் ராஜினாமா!

1977 ஜனவரி 3-ம் தேதி ஆப்பிள் முறைப்படி கம்பெனியாகப் பதிவானது. அந்த ஏப்ரலில் ஆப்பிள் II அறிமுகமானது. 1980 டிசம்பரில் பங்குகள் சந்தைக்கு வந்தபோது வாஸ்னியாக் கோடீஸ்வரர்.

1981-ல் ஒரு விமான விபத்து. தப்பிப் பிழைத்தவர் விட்டுப்போன காலேஜ் படிப்பைத் தொடரப் போனார். 1983-ல் ஆப்பிளுக்குத் திரும்பி வந்தபோது அவர் கேட்டு வாங்கிக்கொண்டது, ஒரு சாதாரண இன்ஜினீயர் வேலை.