ரேகைச் சட்டம்

ரேஷன் கடையில் இன்று அரிசிக்கு விரலைப் பதிக்கிறார்கள். இதில் சரித்திரம் எதுவும் யாருக்கும் தோன்றுவதில்லை. 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஜனங்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சந்தேகத்துக்குப் பிறப்பே போதுமானதாயிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, பெருங்காமநல்லூரில், ரேகை தர மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. கைதிகளின் அடையாளச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. முன்னது நாடு முழுவதும் 1952-ல் ஒழிந்தது. பின்னது 2022-ல், கருவிழியையும் சேர்த்துக்கொண்ட புதிய சட்டத்துக்கு இடம் கொடுத்தது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். இடையில், 2017-ல், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரிசிக்கு வைக்கும் விரலும் போலீஸ் கேட்கும் விரலும் ஒன்றல்ல. ஆனால் மறுக்க வழியில்லாதபோது கொடுத்த விரலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது இரண்டுக்கும் பொது. பாதுகாப்பு பற்றிய வாதம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.