படப்பிடிப்பாளரும் அவர்தம் கருவியும்

கருவி சிறந்தாற் படம் சிறக்கும் என்பர் ஒரு சாரார். கருவி யாதாயினும் கண்ணும் கையுமே பெரிது என்பர் மற்றொரு சாரார். படப்பிடிப்புக் கலை தோன்றிய நாள்தொட்டு இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. ஆயினும், ஒருவர் தம் கமராவின் எவ்வுறுப்பைப் போற்றுகின்றார் என்று ஆராய்வோமாயின், அவர் எதனை இழக்க அஞ்சுகின்றார் என்பது புலப்படும். இதனை நமது மலைநாட்டு வரலாற்றினின்றே ஒருவாறு காட்டலாம்.

பலாங்கொடையிலிருந்து வடக்கு நோக்கி ஏறும் மலைத்தெரு, தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து சென்று பொகவந்தலாவையை அடைகின்றது. ஆங்குள்ள தூய மரியாள் தேவாலய வளவில் யூலியா மார்கரெற் கமரன் என்னும் அம்மையாரின் கல்லறை உளது. 1815இற் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு அடிகோலிய கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்ற சாள்ஸ் ஹே கமரனின் மனைவியார். 1863இன் இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகள் பரிசளித்த கமராவைக் கொண்டே இக்கலையைத் தொடங்கினார்.

அக்காலத்துப் படப்பிடிப்பு மிக வருத்தந் தருவது. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அஃது உலருமுன்பே கமராவிற் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறையிற் கழுவுதல் வேண்டும். சில நிமிடந் தாழ்ப்பினும் தகடு பயன்படாது. 1866இற் கமரன் அம்மையார் பதினைந்து அங்குல நீளமும் பன்னிரண்டு அங்குல அகலமும் உடைய தகடுகளுக்கேற்ற பெரிய கமரா ஒன்றைப் பெற்றார். அவர் எடுத்த முகங்கள் கூர்மையின்றி மங்கலாக உள்ளன என்று இலண்டன் நிழற்படச் சங்கத்தார் குறை கூறினர். அவரோ, எந்நிலையிற் படம் கண்ணுக்கு அழகாகத் தோன்றுகின்றதோ அந்நிலையே தக்க குவியம் எனக் கொண்டார். சங்கத்தார் அஞ்சியது நுணுக்கத்தின் இழப்பை. அம்மையார் அஞ்சியது முகத்தில் நின்ற உயிர்ப்பின் இழப்பை.

1875இற் கணவருடன் இலங்கை வந்து களுத்துறையிற் குடியேறினார். கணவர்க்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கோப்பியை அழித்த இலைநோய் 1869இலேயே வெளிப்பட்டிருந்த காலமது. ஈரமும் வெப்பமும், மருந்துகளைக் கடல்கடந்து தருவிக்கவேண்டிய நிலையும் தொழிலுக்கு இடராயின. இங்கு எடுத்தனவாக எஞ்சியுள்ள படங்கள் முப்பதிலும் குறைவே. 1879ஆம் ஆண்டு தை மாதத்தில், டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேண் தோட்டத்தில் அவர் காலமானார்.

அச்சிலவற்றுள்ளும் தோட்டத் தொழிலாளரையும் களுத்துறைக் குடியானவரையும் காட்டும் படங்கள் உள. இங்கிலாந்திலே அவர் எடுத்த கவிஞர், அறிஞர் படங்களுக்குப் பெயருண்டு. இங்குள்ள முகங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. கொழும்பிலும் கண்டியிலும் தொழில் நடாத்திய ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிறுவனத்தார் எடுத்த தோட்டப் படங்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே. வில்லை எத்துணைச் சிறப்பினதாயினும், படத்தின் கீழே ஒரு பெயரை எழுதுவது வில்லையன்று, கையே.

அடுத்த தலைமுறையில் வந்தவர் லயனல் வென்ற் (1900 - 1944). சட்டம் பயின்றவர்; பியானோ இசையில் வல்லவர். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் சிறு கமராவைக் கையாண்டு, கூலியாள் சுமக்கவேண்டிய பெரும் பாரமின்றித் தெருவிலும் வயலிலும் மக்களைப் படமெடுத்தார். பின்னர் றோலிபிளெக்சையும் பயன்படுத்தினார். கருவி சிறியதாகவே, படத்திற்கென விறைத்து நில்லாத மனிதரைக் காண்பது எளிதாயிற்று. ஆனால் அவர் மறைந்தபின் அவருடைய மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப்படங்களைக் கொண்டே 1950இல் அவர் படநூல் வெளியாயிற்று. எடுத்தலினும் காத்தல் அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தோட்டத்து மக்களுக்கோ நிழற்படம் வேறொரு வழியாகவும் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோர் பற்றி, 1964இற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்கள் பகுக்கப்பட்டனர். 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்க்கப்படுமென ஒத்திவைக்கப்பட்டது. செல்வோர்க்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். இங்கே முகத்தோடு பெயரும் சேர்ந்தது. ஆயின் பிரிவின் பொருட்டுச் சேர்ந்தது.

இனி, நம் காலத்து டிஜிற்றல் கமராவை நோக்குவாம். 1975இற் கொடக் நிறுவனத்து ஸ்ரீவன் சாசன் அமைத்த முதற்கருவி 3.6 கிலோகிராம் எடையினது. பதினாயிரம் படக்கூறுகளே கொண்ட ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 வினாடி எடுத்தது. 1991இல் வந்த கொடக் கமராவுக்குப் படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளிற் சுமக்கவேண்டியிருந்தது. 1999இல் வந்த நைக்கன் டி1, 27 இலட்சம் படக்கூறுகளுடன் செய்திப் படப்பிடிப்பாளரின் கைக்கு ஏற்றதாயிற்று.

இன்று தொழில்முறையாளர் படக்கூறுகளின் தொகையை மட்டும் பார்த்து ஒரு கமராவைத் தேர்வதில்லை. மங்கிய ஒளியிற் படமெடுக்கும் ஒளியுணர்திறனை முதலில் நோக்குவோர் பலர். பந்தமேந்தி இரவெல்லாம் ஆடும் காமன் கூத்தை மின்வெட்டொளி கொண்டு எடுத்தால், ஆட்டக்காரர் தெரிவர்; அவ்விரவு மறைந்துவிடும். சப்பிரகமுவ மாகாணத்து மழையில் உழல்வோர் நீர்புகா அடைப்பையும், வில்லையிற் பூஞ்சணம் படராது காக்கும் உலர்பெட்டியையும் இன்றியமையாதன என்பர்.

இவற்றினும் பெரிதாக எழுந்தது நினைவட்டை பற்றிய வழக்கு. 2018இல் நைக்கன் இசட்6, இசட்7 என்னும் கமராக்கள் ஒரேயோர் அட்டைக்கு மட்டும் இடமளித்து வெளிவந்தன. திருமணப் படமெடுப்போர் பலர் இதனை ஏற்கவில்லை. தாலி கட்டும் நொடி மீண்டும் வாராது. அட்டை ஒன்று பழுதுறின் மற்றொன்றிலாவது அந்நொடி இருத்தல் வேண்டும் என்பதே அவர் வாதம். 2020இல் வந்த அடுத்த வகைகள் இரண்டு அட்டைகளுக்கும் இடமளித்தன. பயன்படுத்துவோர் கருத்துக் கருவியின் அமைப்பையே மாற்றவல்லது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கமரன் அம்மையார் உயிர்ப்பை இழக்க அஞ்சினார்; இன்றையோர் கோப்பினை இழக்க அஞ்சுகின்றனர். இரண்டும் தக்க அச்சங்களே. ஆனால் மலைநாட்டுப் படங்களில் நாம் பெரிதும் இழந்தது இவ்விரண்டுமன்று, பெயர். மாணவர் கையிலுள்ள எளிய கைப்பேசியும் அம்மையார் கனவிலும் காணாத ஆற்றலுடையது. விடுமுறையில் வீடு செல்லும் மாணவர், பாட்டனார் பாட்டியாரின் பழைய படமொன்றைக் கண்டால், அதன் பின்புறத்திற் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைப்பாராக. அதற்கு ஒரு பென்சிலே போதும்.