காமராசர்: கடைப் பையனும் வாக்காளரும்

கு. காமராசர் (1903–1975) சென்னை மாநில முதலமைச்சராகவும் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகவும் இருந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவரைச் சாதாரண மக்கள் தம்மில் ஒருவராகவே பார்த்தனர்.

விருதுபட்டியில் (இன்றைய விருதுநகர்) 1903 ஜூலை 15 அன்று பிறந்தார். பெற்றோர் தேங்காய் வியாபாரி குமாரசாமி நாடாரும் சிவகாமி அம்மாளும். பிறவியிலேயே பரம ஏழை என்று மேடைகளில் முழங்குவது சற்று மிகை. குடும்பம் வியாபாரக் குடும்பம்தான். சிறுவயதில் தந்தை இறந்த பிறகு நொடித்துப்போனது. நாடார்களின் கோயில் நுழைவு உரிமைப் பூசல் 1899இல் சிவகாசியில் கலவரமாக வெடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில்தான் அவர் பிறந்தார். அச்சமூகத்தார் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து வளர்த்த சத்திரிய வித்யாசாலையில் படித்தவர், சுமார் 12 வயதில் படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தார். துணி கிழிப்பதைவிடக் கூட்டங்களுக்கு ஓடுவதில்தான் மனம் போனது. இடம் மாறினால் புத்தி மாறும் என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். மாறவில்லை.

1930 உப்பு சத்தியாகிரகத்தில் கைதாகி அலிப்பூர் சிறை சென்றார். ஆயுளில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 1940 முதல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக ஊர் ஊராகச் சுற்றியதில் கிராமங்களையும் அங்குள்ள ஊழியர்களையும் நேரில் அறிந்தார். அவருடைய செல்வாக்கின் வேர் இந்தச் சுற்றுப்பயணங்களில்தான் இருக்கிறது.

எதிரணியில் அடுக்குமொழிப் பேச்சு கூட்டத்தைக் கட்டிப்போட்ட காலத்தில், காமராசர் மேடையில் வீட்டுத் திண்ணைப் பேச்சையே பேசினார். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ன்னேன்’ என்று முடிப்பார். மனு கொடுப்பவருக்கு வாக்குறுதி தருவதில்லை. ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பதோடு சரி. அந்தச் சொல்லை நம்பி வீடு திரும்பியவர்கள் ஏராளம். முழங்காலைத் தொடும் அரைக்கைக் கதர்ச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு: முதலமைச்சரானபோதும் அதே கோலம்தான்.

1954இல் கட்சிக்குள் சி. சுப்பிரமணியத்தை வென்று முதலமைச்சரானார், தோற்றவரையே அமைச்சராக்கிக்கொண்டார். பெரியாரின் ஆதரவோடு குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார். முந்தைய முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த, எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்றழைத்த கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த வயிற்றோடு பிள்ளையைக் கடைக்கோ காட்டுக்கோ அனுப்பிய தாய்க்கு இதைவிடப் பெரிய தேர்தல் பிரசாரம் தேவைப்படவில்லை.

1963இல் மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்ற ‘காமராஜ் திட்டத்தின்’படி தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் 1966இல் இந்திரா காந்தியும் பிரதமரானதில் காங்கிரஸ் தலைவராக அவர் பங்கு பெரிது.

ஆனால் எளிமை எப்போதும் வாக்காகிவிடவில்லை. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்தடித்த 1967 தேர்தலில், பிறந்த ஊரான விருதுநகரிலேயே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். இரண்டே ஆண்டில் நாகர்கோவில் அவரை மக்களவைக்கு அனுப்பியது, 1971இலும் கைவிடவில்லை.

1975 அக்டோபர் 2 அன்று சென்னையில் காலமானார். மறு ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது. ‘காமராசர் ஆட்சி அமைப்போம்’ என்ற முழக்கம் அதன் பிறகு வந்த தேர்தல்களிலும் ஒலித்தது. சொந்த வீடு இல்லாத அவர் வாடகைக்குக் குடியிருந்த தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலை வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது.