பக்கத்தில் இருப்பது யார்? ஸ்விட்ச்கள் பேசிய கதை

ஸ்விட்சில் செருகிய கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது? முன்பெல்லாம் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் பார்க்க வேண்டும். 1994-ல் சிஸ்கோ உருவாக்கிய சிடிபி இதை மாற்றியது. 60 விநாடிக்கு ஒருமுறை ஸ்விட்ச் தன் பெயர், மாடல், போர்ட், மென்பொருள் பதிப்பு எல்லாவற்றையும் பக்கத்துக் கருவிக்குச் சொல்லும். 180 விநாடி தகவல் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்.

ஆனால் இது சிஸ்கோவின் சொந்த பாஷை. எக்ஸ்ட்ரீம், ஃபவுண்ட்ரி கம்பெனிகளும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டன. காமர்ஸ் மாணவனான எனக்குத் தெரிந்த கதைதான்: ஒரே கடையில் வாங்கினால்தான் முழு வசதி!

2005-ல் ஐஇஇஇ அமைப்பு 802.1ஏபி என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. அதுதான் எல்எல்டிபி. எந்தக் கம்பெனி கருவியும் இதில் பேசலாம். வழக்கமான இடைவெளி 30 விநாடி, ஆயுள் 120 விநாடி.

ஆபத்தும் உண்டு. இந்தத் தகவலுக்குப் பூட்டு கிடையாது; போர்ட்டில் லேப்டாப்பைச் செருகுபவர் யாரும் கேட்கலாம். பிப்ரவரி 2020-ல் சிஸ்கோ கருவிகள் சிடிபியைக் கையாளும் விதத்தில் 5 ஓட்டைகளை அர்மிஸ் நிறுவனம் வெளிப்படுத்தியது.

ஆகவே ஸ்விட்ச்களுக்கு இடையிலும் ஐபி போன் போர்ட்டுகளிலும் தேவைப்பட்டால் வைத்திருங்கள். வெளியாட்கள் தொடும் போர்ட்டில் அணைத்துவிடுங்கள். அண்டை வீட்டாரிடம் பேசலாம், சாவி இருக்கும் இடத்தைத் தெருவுக்கே சொல்ல வேண்டுமா?