வலிகாமத்து முந்திரிகைச் செய்கை – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்து மருதனார்மடச் சந்தியை அடைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டில் நிறுவிய மகளிர் கல்லூரியாலும், அவர் பெயர் தாங்கிய நுண்கலைக் கழகத்தாலும் இவ்விடம் கற்றோர் நாவில் நிலைபெற்றுள்ளது. தோட்டக்காரருக்கோ மருதனார்மடம் என்றால் சந்தையே. ஊரெழு, உரும்பிராய், சுன்னாகம், இணுவில் முதலிய சுற்றூர்களின் விளைபொருள் இங்கு வந்து சேர்ந்து விலைபோகின்றது. வலிகாமத்துப் புகையிலை பற்றியும் வெங்காயம் பற்றியும் எழுதியோர் பலர். அதே செம்மண்ணில் விளைந்த முந்திரிகை அத்துணைக் கவனம் பெறவில்லை என்பது எமது எண்ணம். அக்குறையை ஓரளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தார் ‘திராட்சை’ என்பதை யாழ்ப்பாணத்தார் ‘முந்திரிகை’ என்பர். தமிழகத்தார் ‘முந்திரி’ என்னும் கொட்டை இங்கு மரமுந்திரிகையாகும். இவ்வேறுபாட்டை அறியாத இந்திய நண்பரொருவர், முந்திரிகைப் பந்தலைக் காட்டுகிறோம் என்றபோது, முந்திரிக்குப் பந்தல் எதற்கு என வியந்து கேட்டதுண்டு. ஈண்டு ஊர் வழக்கையே கைக்கொள்கின்றோம்.

இனி நிலத்தை நோக்குவோம். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லாகும். ஆறு என்று சொல்லத்தக்க வற்றாத நீரோட்டம் இங்கில்லை. மேட்டு நிலமென்று கூறப்படும் பகுதியும் கடல்மட்டத்துக்கு மேல் சில மீற்றர் உயரமே உடையது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர்; அதிலே பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் பெய்துவிடும். பெய்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லை போல் மிதந்து நிற்கின்றது. கிணற்றிலிருந்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும், இறைக்காவிடில் பயிரில்லை. துலாவினால் இறைத்த காலத்தில் மனித உழைப்பின் எல்லையே நீரின் எல்லையாகவும் அமைந்தது. மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்த பின்னர் அவ்வெல்லை அகன்றது. மேலே கிடக்கும் செம்மண் நீரை இலகுவில் வடியவிடும் தன்மையது. ஈரம் தேங்கினால் வேர் அழுகும் கொடிக்கு இத்தகைய மண் பெரிதும் உகந்தது.

முந்திரிகை இயல்பிலே மிதவெப்பப் பயிர். ஐரோப்பாவில் அது மாரியில் இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் தளிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பழம் தரும். ஒன்பதரைப் பாகை வடஅகலக்கோட்டிலே குளிர் ஏது, உறக்கம் ஏது? கொடி ஓயாது வளர்ந்துகொண்டேயிருக்கும். விட்டால் இலையும் தண்டுமாகப் பெருகுமேயன்றிப் பழம் குறையும். ஆகையாற் கத்தரிக்கோலே இங்கு மாரிக்காலத்தின் பணியைச் செய்கின்றது. நீரை நிறுத்தி, கிளைகளைக் கவ்வாத்துச் செய்து, பின்னர் நீரும் பசளையும் இட்டால், புதிய தளிரோடு பூங்கொத்தும் தோன்றி, ஏறத்தாழ நான்கு மாதத்திற் குலை பழுக்கும். இவ்வாறு ஆண்டுக்கு இருமுறை அறுவடை பெறலாம். ஆனால் எந்த நாளில் வெட்டுவது என்பதை நன்கு எண்ணியே முடிவுசெய்தல் வேண்டும். கனியும் தறுவாயில் மாரி மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடிக்கும்; இலையிற் பூஞ்சணம் படரும். பிரான்சில் 1885 ஆம் ஆண்டளவில் மிலாடே என்பவர் பிரசித்தப்படுத்திய மயில்துத்த, சுண்ணாம்புக் கலவை உலகெங்கும் முந்திரிகைச் செய்கையோடு சேர்ந்தே சென்றமைக்கு இந்நோயே காரணம்.

குடாநாட்டிற் கொடிமுந்திரிகை வீட்டுமுற்றத்து அரும்பொருளாக இருந்த நிலை மாறி, விற்பனைப் பயிராக நிலைகொண்டது 1960களை ஒட்டிய காலத்திலாகும். திருநெல்வேலியிலுள்ள அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையமும் விவசாயப் போதனாசிரியர்களும் இதில் ஊக்கம் காட்டினர். ‘இஸ்ரேல் புளூ’ என்னும் விதையுள்ள கருநீல வகையே பெரிதும் பரவிற்று. சீமெந்துத் தூண் நாட்டி, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலிட்டு, கிணற்று வாய்க்காலை அதன் கீழே திருப்பினர். இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திக் கூறவேண்டும். வெங்காயம் மூன்று மாதப் பயிர். புகையிலையும் ஒரு போகத்தில் முடிந்துவிடும். போன போகம் பிழைத்தால் அடுத்த போகம் வேறு பயிர் வைக்கலாம். முந்திரிகையோ முதற் பலனுக்கே ஒன்றரை ஆண்டளவு காத்திருக்கச் செய்யும். பின்னர் பேணுவோர் கைக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பலன் தரவல்லது. பந்தலுக்கு இட்ட முதலை மீட்பதற்கு இத்தனை காலம் வேண்டும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும் நாட்டில், சீதனத்தாலும் முதுசத்தாலும் துண்டுபட்ட சிறு காணியில், நான்கு பரப்பை ஒருவர் முந்திரிகைக்கு ஒதுக்கினாரென்றால், நாளையும் இதே கிணறு, இதே வீதி, இதே சந்தை இருக்கும் என்று அவர் நம்பினார் என்பதே பொருள்.

அந்நம்பிக்கைக்கு 1970 முதல் 1977 வரையான ஆண்டுகள் இடங்கொடுத்தன. அன்றைய அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியன உள்ளூரிலேயே விளைய வேண்டியதாயிற்று. பிறநாட்டுப் பழங்களும் கடைகளிலிருந்து மறைந்தன. வலிகாமத்துத் தோட்டங்களிற் பணம் புழங்கிய காலம் அது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலால் மனம் கசந்த இளைஞர் சிலர் தோட்டத்துக்குத் திரும்பியதும் அக்காலத்திலேயே. பழம் பார ஊர்தியிலும் புகையிரதத்திலும் கொழும்பு சென்றது. 1977 ஆம் ஆண்டு ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தபோது பேரிடி மிளகாய்ச் செய்கையாளர் தலையில் விழுந்தது. முந்திரிகையும் அயல்நாட்டுப் பழத்தோடு அங்காடியிற் போட்டியிட நேர்ந்தது.

இவ்விடத்தில் சற்று விலகிச் சுவிற்சர்லாந்து செல்வோம். 1983 ஆம் ஆண்டின் பின்னர் எம்மவர் பலர் அங்கு குடியேறியுள்ளமையால் இது எமக்கு முற்றிலும் அந்நியமான நாடுமன்று. ஜெனீவா ஏரியின் வடகரையில், லோசான் நகருக்குக் கிழக்கே, லவோ என்னும் சரிவு நிலம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கின்றது. படிப்படியாகக் கற்சுவர் எழுப்பி, ஒவ்வொரு படியிலும் கொடி நாட்டியுள்ளனர். இச்செய்கையின் தொடக்கம் பதினோராம் நூற்றாண்டுக்கு உரியது என்றும், பெனடிக்ற், சிஸ்ரேசியன் துறவிகள் அந்நாளில் அந்நிலத்தை ஆண்டனர் என்றும் கூறுவர். வெயில், ஏரி நீரில் தெறிக்கும் ஒளி, இரவில் சுவர் வெளிவிடும் வெம்மை ஆகியவற்றை ‘மூன்று சூரியன்கள்’ என்பது அவ்வூரார் வழக்கு. ஷாசலா என்னும் வெண்பழ வகையே அங்கு சிறப்புடையது. குல்லி, எப்பேஸ் முதலிய ஐந்து ஊராட்சிகள் 2011 இல் ஒன்றிணைந்து பூர்-ஆன்-லவோ என்னும் ஒரே நகராட்சியாயின.

நிலமும் வானமும் வேறாயினும் பொருளாதாரத்தில் ஒப்பு நோக்கத்தக்கன இரண்டுண்டு. சுவிஸ் முந்திரிகைத் தேறல் பெரும்பாலும் அந்நாட்டாராலேயே அருந்தப்படுகின்றது. ஏற்றுமதி மிகச் சொற்பம். அத்துடன், இறக்குமதிக் கட்டுப்பாடு நெடுங்காலம் அதனைக் காத்துவந்தது. எமது தோட்டக்காரர் ஏழாண்டு பெற்ற நிழலை அவர்கள் தலைமுறைகளாகப் பெற்றனர் எனலாம். மற்றையது நிலம் பற்றியது. வீடுகளும் வீதிகளும் கொடிநிலத்தை விழுங்கத் தொடங்கியபோது, அப்பகுதி அடங்கிய வோ மாநிலத்து வாக்காளர் 1977 இல் லவோவைக் காக்கும் பிரேரணையை வாக்களித்து நிறைவேற்றினர். 2007 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. அதே 1977 இல் இலங்கையில் நிகழ்ந்தது எதுவென்பதை மேலே கண்டோம். செம்மண் தோட்டம் வளவாகித் துண்டுபடுவதைத் தடுக்கும் அத்தகைய வாக்கெடுப்பு எதுவும் இங்கு நிகழவில்லை.

லவோவின் பழம் தேறலாக மாறிப் பாதாள அறையிற் காத்திருக்கும். யாழ்ப்பாணப் பழம் காத்திராது. கொடியிலிருந்து வெட்டிய குலை சாதாரண வெப்பத்திற் சில நாட்களே தாங்கும். இங்கு ஏன் தேறல் வடிக்கவில்லை என்ற வினாவுக்குப் பலர் சைவ ஒழுக்கத்தைக் காரணமாகக் கூறுவர். அது ஓரளவே பொருந்தும். பனங்கள் இந்நாட்டுக்குப் புதிதன்று. வடமராட்சியில் திக்கம் வடிசாலை இருந்தமை அனைவரும் அறிந்ததே. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதியின்றி மதுவகை ஆக்குதல் குற்றமாகும்; நான்கு பரப்புக்காரருக்கு அத்தகைய அனுமதி எட்டாக்கனி. மேலும், உண்பதற்கான பழமே கூடிய விலை பெற்ற காலத்தில் அதைப் பிழிந்து வைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. விதிவிலக்காக அமைந்தது தோலகட்டியாகும். அருட்தந்தை தோமஸ் அடிகள் 1928 இல் நிறுவிய செபமாலைத் துறவிகள் ஆச்சிரமத்தில் முந்திரிகை இரசமும் நெல்லி இரசமும் ஆக்கினர். ‘தோலகட்டி’ என்பது குடாநாட்டில் ஊர்ப்பெயராக மட்டுமன்றிப் போத்தலின் பெயராகவும் வழங்கிற்று. லவோவிலும் தோலகட்டியிலும் துறவிகளே இத்தொழிலில் முன்னின்றமை சுவையான ஒற்றுமை. திருப்பலிக்கு இரசம் வேண்டும். காத்திருக்கத் துறவிக்கு நேரமும் உண்டு.

காத்திருக்க முடியாத பழத்தின் உயிர் வீதியிலே தங்கியிருந்தது. 1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டதும் புகையிரதம் நின்றது, மின்சாரம் அறுந்தது. மண்ணெண்ணெயும் பசளையும் தடைப்பட்டியலில் ஏறின. இறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெயில்லை, தெளிப்பதற்கு மருந்தில்லை, விற்பதற்குக் கொழும்பில்லை. பலாலி, வசாவிளான் முதலிய வலிகாமம் வடக்குச் செம்மண் ஊர்கள் அவ்வாண்டிலேயே மக்களின்றிப் போயின. மருதனார்மடச் சுற்றாடல் அப்போது தப்பிற்று. 1995 ஐப்பசி 30 ஆம் நாள் இரவு அதன் முறையும் வந்தது. வலிகாமம் முழுவதும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். அது மாரி தொடங்கும் வேளை என்பதைச் செய்கைமுறை அறிந்தோர் உடனே உணர்வர். பூஞ்சணத்துக்கு மருந்து தெளிக்கவேண்டிய மாதங்களில் ஆளில்லை; மழை ஓய்ந்து, தை பிறந்தபின் கிணற்றில் இறைக்கவும் ஆளில்லை. 1996 சித்திரை தொடக்கம் மக்கள் திரும்பினர். விதை வெங்காயம் கிடைத்தவர் அடுத்த போகத்திலேயே தோட்டக்காரராயினர். பந்தல் இழந்தவருக்கு அது இயலவில்லை. இன்னும் பதினைந்து ஆண்டு இவ்வூரில் இருப்போமா என்ற வினாவுக்கு அவரிடம் விடையில்லை.

2002 இல் ஏ-9 பாதை திறந்தபோது சிலர் மீண்டும் தண்டு நாட்டினர். 2006 ஆவணியில் பாதை மூடப்பட்டது. 2009 இற் போர் முடிந்தபின் திறந்தது. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வீதி மீண்டதும் சோதனை கிணற்றுக்கு வந்தது. செறிந்த செய்கை நடைபெறும் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை 1980களிலேயே ஆய்வாளரால் எடுத்துக்காட்டப்பட்டதாகும். சுன்னாகத்து மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. 2021 வைகாசியில் இரசாயனப் பசளையோடு பூஞ்சணக் கொல்லிகளின் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டு, கார்த்திகையில் அத்தடை நீங்கியது. ஆறு மாதத் தடை வெங்காயத்துக்கு ஒரு போக நட்டம். முந்திரிகைக்கோ தெளிப்புத் தவறிய ஒரு மாதமே போதும், அடுத்த கவ்வாத்து வரை கொடி தேறாது.

இத்தனைக்கும் பின்னரும் சுற்றூர்களிற் பந்தல்கள் உள்ளன. பல சிறியவை, சில பழைய தூண்களில் இப்போது பாகலும் புடோலும் தொங்குகின்றன. நகரத்துக் கடைகளிற் குளிரூட்டிய பெட்டியில் வந்த விதையற்ற பிறநாட்டுப் பழம் அடுக்கப்பட்டிருக்கும். சற்றுத் தள்ளி, தரையில், கருநீலக் குலைகள், மேலே வெண்மாப் படிந்தபடியே. அவை அன்று காலை வெட்டியவை. மாலைக்குள் விற்றாக வேண்டும்.