நூலகரைத் துறவியாக்குதல்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மலைப்பாதை வழியே தேனிப் பக்கம் இறங்கி வந்தார்கள். காமயகவுண்டன்பட்டி, கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கே கொதித்துக் கிடந்த நாட்கள். அப்போது யாரும் ஊர் நூலகத்தின் கதவைத் தட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தட்டத் தோன்றாது. நூலகம்னா பேப்பர் படிக்கிற இடம். நூலகர்னா சாவி வைத்திருக்கிறவர். நெருக்கடிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் நம் பொதுப்புத்தி.

இந்தப் பொதுப்புத்தியோடு உரசிப் பார்க்க வேண்டிய வாழ்க்கை 'பாலம்' கல்யாணசுந்தரத்தினுடையது. 1940இல் நெல்லைச் சீமையின் மேலக்கரிவேலங்குளத்தில் பிறந்தவர். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகர். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டலில் வேலை பார்த்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1998இல் ஓய்வுபெற்றபின் 'பாலம்' அமைப்பைத் தொடங்கினார். 2023இல் பத்மஸ்ரீ. கைபேசிகளில் சுற்றும் மற்ற பட்டங்களையும், ரஜினிகாந்த் அவரைத் தந்தையாகத் தத்தெடுத்த கதையையும் இங்கே விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது, இந்தக் கதை சொல்லப்படும் விதம். எல்லாரும் சம்பளத்தை எண்ணுகிறார்கள். அந்த நூலகத்தில் கிராமத்துப் பையன் ஒருவன் வந்து நின்றபோது என்ன புத்தகம் எடுத்துக் கொடுக்கப்பட்டது என்பது நான் படித்த எந்தப் புகழுரையிலும் கிடையாது. நூலகர் என்பது அவர் துறந்த சம்பளத்தின் பெயராக மட்டும் மிஞ்சுகிறது. நமக்குப் பழகிய பட்டினத்தார் அச்சில் அவரை வார்த்தாகிவிட்டது; கும்பிட்டுவிட்டு நகரலாம்.

மாறாக, 'பாலம்' என்பதே நூலக வேலையின் நீட்சி என்று வாசிக்க முடியும். இருப்பவரிடமிருந்து வாங்கி, பேரிடரிலும் வறுமையிலும் அடிபட்டவரிடம் சேர்ப்பது அதன் வேலை. எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் புத்தகமும் வாசகரும் ஒன்றையொன்று கண்டடைவதைப் பற்றியவைதானே? ரங்கநாதனே கணித வாத்தியார். 1924இல் அரைமனதோடு சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அந்த விதிகளை 1928 இறுதியில் சிதம்பரத்தில் ஆசிரியர்கள் கூடிய கல்வி மாநாட்டில்தான் பேசினார், புத்தகமானது 1931இல். வாத்தியார் வேலையும் நூலகர் வேலையும் அவருக்கு வேறுவேறாக இருக்கவில்லை. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போனது.

அவர் முன்முயற்சியில் 1948இல் சென்னை மாகாண நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. அதாவது, நூலகம் தர்மம் அல்ல, சனங்கள் காசு கட்டிப் பெற்ற உரிமை. ஆனால் நடந்தது என்ன? வசூலான வரியை உள்ளாட்சிகள் நிலுவை வைத்தன. ஊர்ப்புற நூலகர்கள் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டு, காலமுறை ஊதியம் கேட்டு வருஷக்கணக்கில் போராடினார்கள். சம்பளத்தைத் துறந்த ஒருவரைக் கொண்டாடுவது, சம்பளம் கேட்பவர்களைக் காக்க வைக்கும் அரசுக்கு எவ்வளவு வசதி! இது கல்யாணசுந்தரத்தின் குற்றமல்ல. அவரைப் புனிதப்படுத்தும் சொல்லாடலின் அரசியல்.

மலையிறங்கி வந்தவர்களிடம் திரும்புவோம். சோறும் போர்வையும் ஊர் கொடுத்துவிடும். நம் சனங்கள் அதில் குறை வைப்பதில்லை. அதற்கடுத்த நாள்தான் சிக்கல். எஸ்டேட்டில் நின்றுபோன கூலியை எப்படிக் கேட்பது, பி.எஃப். பணத்துக்கு எந்தப் படிவம், விட்டுவந்த ரேஷன் கார்டுக்கு எங்கே மனு, மலையாளத்தில் படித்த பிள்ளையை இங்கே எந்த வகுப்பில் சேர்ப்பது? 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் புதைந்தபோது உயிர் தப்பியவர்களுக்கும் இதே மாதிரிக் கேள்விகள் இருந்திருக்கும். தகவலைத் தேடி எடுத்து, படிக்கத் தெரியாதவருக்கு விளக்கி, மனு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளமும், சாயங்காலம் ஏழு மணிக்கும் திறந்திருக்கும் ஒரு கதவும் வேண்டும்.